பேலட்ல ஜட்ஜ் பேர் வந்தா காலியா விடாதீங்க: கலிஃபோர்னியால ஜட்ஜுக்கு நிக்கிற வக்கீலை எப்படி எடை போடறது

சிட்டிசன்ஷிப் வாங்கி முதல் தடவை பேலட் கவரைப் பிரிக்கிற நம்ம ஆளுங்க நிறைய பேர் ஒரே இடத்துலதான் முழிக்கிறாங்க. கவர்னர் யாருன்னு தெரியும், ஸ்கூல் போர்டுக்கு நிக்கிறவர் பேர்கூட பசங்க மூலமா காதுல விழுந்திருக்கும், ஆனா அதுக்கு நடுவுல "சுப்பீரியர் கோர்ட் ஜட்ஜ், ஆஃபீஸ் நம்பர் இன்னது"ன்னு போட்டு ரெண்டு பேர் இருப்பாங்க, பேருக்குக் கீழ ஒரு வரில என்ன வேலைன்னு இருக்கும், அவ்வளவுதான், கட்சி பேர்கூட இருக்காது. ஜட்ஜுக்கு எலெக்‌ஷனா, பரீட்சை எழுதித்தானே வருவாங்கன்னு ஒரு நிமிஷம் யோசிச்சுட்டு காலியா விட்டுட்டு அடுத்த பக்கம் போயிடறோம். ஊர்ல சிவில் ஜட்ஜ்னா டிஎன்பிஎஸ்சி பரீட்சை, டிஸ்ட்ரிக்ட் ஜட்ஜ்னா ஹைகோர்ட் தேர்வுன்னு பார்த்து வளர்ந்தவங்களுக்கு இது புதுசா இருக்கறதுல ஆச்சரியமே இல்ல.

ஆனா இந்த ஒரு வரியை விட்டுடாதீங்கன்னு நான் பார்க்கிறவங்க கிட்டயெல்லாம் சொல்றேன். காரணம் ரொம்ப எளிமை. நம்ம வாழ்க்கைல சுப்ரீம் கோர்ட் ஜட்ஜ் முன்னாடி நிக்கப்போறது யாரும் இல்ல. டிவோர்ஸ், குழந்தை யார்கிட்ட இருக்கணும், வீட்டு ஓனரோட தகராறு, அப்பாவோட சொத்து ப்ரோபேட் (உயில், வாரிசு விஷயம்), ஸ்பீடிங் டிக்கெட், கான்ட்ராக்டர் ஏமாத்தினதுக்கு ஸ்மால் க்ளெய்ம்ஸ் (தனி ஆளுக்கு 12,500 டாலர் வரைக்கும் அங்க கேக்கலாம்), டொமஸ்டிக் வயலன்ஸ்னா ரிஸ்ட்ரெய்னிங் ஆர்டர், இது எல்லாமே முதல்ல போய் விழற இடம் சுப்பீரியர் கோர்ட்தான். அங்க உக்காந்திருக்கிற ஒருத்தர்தான் நம்ம பேச்சை முழுசா கேக்கறதா, பாதிலயே வெட்டறதான்னு முடிவு பண்றவர். அந்த ஒருத்தரைத் தேர்ந்தெடுக்கற ஓட்டு நம்ம கைல இருக்கு.

இது கலிஃபோர்னியாவை வச்சு எழுதினது, ஏன்னா எனக்கு நல்லா தெரிஞ்சது இதுதான். மத்த மாநிலம் பத்தி கடைசில கொஞ்சம் சொல்றேன்.

முதல்ல இந்த எலெக்‌ஷன் எப்படி வேலை செய்யுதுன்னு புரிஞ்சுக்கங்க, இது தெரியாததாலதான் பாதி குழப்பம். சுப்பீரியர் கோர்ட் ஜட்ஜுக்கு 6 வருஷம் பதவி. நிக்கணும்னா தொடர்ந்து 10 வருஷமா ஸ்டேட் பார்ல (வக்கீலுங்களுக்கான மாநில அமைப்பு) வக்கீலா இருந்திருக்கணும், இல்லன்னா ஜட்ஜா இருந்திருக்கணும். நாமினேஷன் ஃபீஸ் ஜட்ஜோட வருஷ சம்பளத்துல 1 சதவீதம், அதாவது ரெண்டாயிரம் டாலருக்கு மேல போகும், அதுக்கு பதிலா கையெழுத்து சேர்த்தும் கொடுக்கலாம். கட்சி சார்பு கிடையாது. நடுவுல யாராவது ரிட்டயர் ஆனா கவர்னர் ஆள் போடுவார், இப்ப இருக்கிற ஜட்ஜுங்கள்ல பெரும்பாலானவங்க அப்படி வந்தவங்கதான். அந்த வழியா வர்றவங்களை ஸ்டேட் பாரோட ஒரு கமிஷன் சல்லடை போட்டு சலிச்சு கவர்னருக்கு ரிப்போர்ட் கொடுக்கும். எலெக்‌ஷன்ல நேரா நிக்கிற வக்கீலுக்கு அந்த சல்லடை கிடையாது. அங்க சலிக்க வேண்டியது நாமதான், இந்தக் கட்டுரையே அதுக்காகத்தான்.

இன்னொண்ணு. பதவில இருக்கிற ஜட்ஜை எதிர்த்து யாருமே நிக்கலன்னா அவர் பேர் பேலட்லயே வராது, தானா அடுத்த 6 வருஷம். அதனால பேலட்ல ஒரு ஜட்ஜ் சீட் வந்திருக்குன்னாலே அது உண்மையான போட்டி, ஒண்ணு காலி சீட்டுக்கு வக்கீலுங்க மோதறாங்க, இல்ல இருக்கிற ஜட்ஜை ஒரு வக்கீல் எதிர்க்கிறார்.

தேதி ரொம்ப முக்கியம். நவம்பர்லதானே எலெக்‌ஷன், அப்ப பார்த்துக்கலாம்னு இருந்தா ஏமாந்துடுவீங்க. ப்ரைமரில, அதாவது நவம்பருக்கு முன்னாடி நடக்கற முதல் சுத்துல, ஒருத்தர் பாதிக்கு மேல ஓட்டு வாங்கிட்டா அங்கயே கதை முடிஞ்சுது, யாரும் வாங்கலன்னா மட்டும்தான் முதல் ரெண்டு பேர் நவம்பருக்குப் போவாங்க. ரெண்டே பேர் நிக்கிற சீட்ல கண்டிப்பா ஒருத்தருக்கு பாதிக்கு மேல வந்துடும் இல்லையா, அதனால அந்த சீட் ப்ரைமரிலயே முடிவாயிடும், நவம்பர் பேலட்ல இருக்கவே இருக்காது. பிரசிடென்ட் எலெக்‌ஷன் வருஷத்துல ப்ரைமரி மார்ச்ல, மத்த வருஷத்துல ஜூன்ல. 2024ல மார்ச் 5, 2026க்கு ஜூன் 2. ப்ரைமரிக்கு ஓட்டுப் போடறவங்க கம்மி, அதனால நம்ம ஒரு ஓட்டுக்கு அங்க வெயிட் அதிகம். நவம்பர்ல வர்ற அப்பீல் கோர்ட், ஸ்டேட் சுப்ரீம் கோர்ட் ஜட்ஜுங்க வேற கணக்கு, அவங்களுக்கு எதிரா யாரும் நிக்க மாட்டாங்க, இருக்கட்டுமா வேண்டாமான்னு ஆமா இல்ல ஓட்டு மட்டும். ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதீங்க.

"ஆஃபீஸ் நம்பர்"னு போட்டிருக்கறது சும்மா சீட்டோட அடையாளம், கோர்ட் ரூம் நம்பர் இல்ல. ஜெயிச்சு வந்தவரை எங்க போடறதுன்னு ப்ரிசைடிங் ஜட்ஜ்தான் முடிவு பண்ணுவார். இது ஏன் முக்கியம்னா, 20 வருஷம் கொலை கேஸ் நடத்தின ப்ராசிக்யூட்டர் (அரசாங்கத் தரப்பு வக்கீல்) ஜெயிச்சதும் அவரை ஃபேமிலி கோர்ட்ல போடலாம், ட்ராஃபிக்ல போடலாம், வாடகை காலி பண்ற கேஸ்ல போடலாம். அதனால "நான் குற்றவாளிகளை உள்ள தள்ளினவன்"னு ஒருத்தர் ஃப்ளையர் அடிச்சா, சரி, குழந்தைக்காக அழுதுட்டு நிக்கிற அம்மா அப்பா முன்னாடி இவர் எப்படி இருப்பார்னு ஒரு தடவை யோசிச்சுப் பாருங்க. எனக்கு இதுதான் முதல் கேள்வி, மத்ததெல்லாம் அப்புறம்.

இப்ப வேலைக்கு வருவோம். ஒரு சாயந்திரம் ஒரு மணி நேரம் ஒதுக்கினா போதும், காபி போட்டுட்டு உக்காருங்க.

முதல் காரியம், கலிஃபோர்னியா ஸ்டேட் பார் வெப்சைட்ல போய் வக்கீல் பேரைத் தேடுங்க, இது எல்லாருக்கும் திறந்திருக்கிற தகவல். எந்த வருஷம் லைசன்ஸ் வாங்கினார், எந்த லா ஸ்கூல், இப்ப ஆக்டிவா இருக்கா, நடுவுல எப்பயாவது சஸ்பெண்ட் ஆச்சா, டிசிப்ளின் நடவடிக்கை எதாவது இருக்கான்னு அங்கயே வரும். அஞ்சு நிமிஷ வேலை. கொஞ்ச நாள் ஃபீஸ் கட்டாம விட்டதுக்கும் க்ளையன்ட் பணத்தைக் கையாடினதுக்கும் வித்தியாசம் இருக்கு, சிவப்பா எதையோ பார்த்ததும் முடிவு பண்ணாம உள்ள என்ன எழுதியிருக்குன்னு படிங்க. ஏற்கனவே ஜட்ஜா இருக்கிறவர்னா கமிஷன் ஆன் ஜுடிஷியல் பெர்ஃபார்மன்ஸ்னு ஒண்ணு இருக்கு, 1960லேர்ந்து இருக்கு, ஜட்ஜுங்க மேல எடுத்த பப்ளிக் நடவடிக்கை எல்லாம் அவங்க சைட்ல கிடைக்கும்.

அடுத்து பார் அசோசியேஷன் ரேட்டிங். லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டி பார் அசோசியேஷன்ல இதுக்குன்னே ஒரு கமிட்டி, நிக்கிற ஒவ்வொருத்தரையும் விசாரிச்சு எக்ஸெப்ஷனலி வெல் குவாலிஃபைட், வெல் குவாலிஃபைட், குவாலிஃபைட், நாட் குவாலிஃபைட்னு நாலுல ஒண்ணு கொடுப்பாங்க. அவரோட கேஸ் நடத்தின எதிர்தரப்பு வக்கீல், ஜட்ஜுங்க எல்லார்கிட்டயும் கேட்டுத்தான் கொடுப்பாங்க, அதனால மதிப்பு இருக்கு. வேதவாக்கு இல்ல, வக்கீலுங்க வக்கீலுக்குக் கொடுக்கற மார்க்தான், வெல் குவாலிஃபைடுக்கும் குவாலிஃபைடுக்கும் நடுவுல இருக்கிற வித்தியாசத்தை நான் பெருசா எடுத்துக்கறதில்ல. ஆனா நாட் குவாலிஃபைட்னு வந்திருந்தா அதை லேசா விடாதீங்க.

ஏன்னு கேட்டா 2006ல லாஸ் ஏஞ்சலஸ்ல நடந்ததைத் தெரிஞ்சுக்கங்க. ட்ஸின்ட்ரா ஜானவ்ஸ்னு ஒரு ஜட்ஜ், 20 வருஷ அனுபவம், பார் அசோசியேஷன் கொடுத்தது எக்ஸெப்ஷனலி வெல் குவாலிஃபைட். எதிர்த்து நின்னவங்க பேகல் கடை நடத்திட்டிருந்தவங்க, வக்கீல் லைசன்ஸ் இருந்தாலும் ப்ராக்டிஸ் அனுபவம் ரொம்பக் கம்மி, ரேட்டிங் நாட் குவாலிஃபைட். ஜூன் ப்ரைமரில ஜானவ்ஸ் தோத்துட்டாங்க. வாயில நுழையாத லாட்வியப் பேர் ஒரு பக்கம், சட்டுனு சொல்ல வர்ற சாதாரண அமெரிக்கப் பேர் இன்னொரு பக்கம், பேருதான் தோக்கடிச்சுதுன்னு அப்ப பலபேர் சொன்னாங்க. கவர்னரா இருந்த அர்னால்ட் ஸ்வார்ஸ்னெகர் ஜானவ்ஸைத் திரும்ப ஜட்ஜா நியமிச்சார், அதனால அவங்க அனுபவம் வீணாகல.

இதைப் படிக்கும்போது எனக்கு மனசுல உறைச்சது நம்ம பேருங்கதான். கிருஷ்ணமூர்த்தி, சுப்பிரமணியன், திருநாவுக்கரசுன்னு பேர் வச்சிருக்கிற நம்ம பசங்க இங்க லா ஸ்கூல் முடிச்சு வக்கீலா இருக்காங்க, நாளைக்கு நிப்பாங்க. பேரைப் பார்த்து ஓட்டுப் போடற பழக்கம் நமக்கு எதிரா எப்படி வேலை செய்யும்னு யோசிச்சா, நாமளும் அந்தப் பழக்கத்தை விடணும். இந்தியப் பேர் இருக்கேன்னு டிக் அடிக்கறதும் அதே பழக்கம்தான், திசை மட்டும் வேற. நம்ம ஆள் நின்னா சந்தோஷமா வீட்டுக்குக் கூப்பிடுங்க, நாலு பேர்கிட்ட அறிமுகம் பண்ணி வைங்க, ஆனா ஸ்டேட் பார் சைட்ல அவர் பேரையும் தேடுங்க.

பேருக்குக் கீழ இருக்கிற அந்த ஒரு வரி வேலை விவரம், அதை எப்படிப் படிக்கறதுன்னு இப்ப. முன்னாடி அரசாங்க வக்கீலுங்க அதுல "கேங் கொலை வழக்கு ப்ராசிக்யூட்டர்", "வன்முறைக் குற்ற ப்ராசிக்யூட்டர்"ங்கிற மாதிரி சினிமா டைட்டில் கணக்கா போட்டுக்குவாங்க, அதைப் பார்த்தே ஜனங்க குத்திடுவாங்க. 2017ல சட்டத்தை மாத்தி இதைக் கட்டுப்படுத்தினாங்க, இப்ப உத்தியோகப் பேரும் எந்த கவுண்டி, எந்த சிட்டிங்கறதும் மட்டும், டெபுடி டிஸ்ட்ரிக்ட் அட்டர்னின்னா (கவுண்டியோட ப்ராசிக்யூட்டர்) அதேதான். ப்ரைவேட்டா ப்ராக்டிஸ் பண்றவர்னா "அட்டர்னி"ன்னோ "லாயர்"னோ வெறுமனே இருக்கும். அதனால "டெபுடி டிஸ்ட்ரிக்ட் அட்டர்னி"ங்கறது கனமா தெரியும், "அட்டர்னி"ங்கறது லேசா தெரியும், அது எழுத்து பண்ற மாயம், ஆளோட தகுதி இல்ல. 25 வருஷம் சிவில் கேஸ் நடத்தினவருக்கும் வெறும் "அட்டர்னி"தான். பப்ளிக் டிஃபெண்டர் (வக்கீல் வைக்க வசதியில்லாத குற்றம் சாட்டப்பட்டவங்களுக்கு அரசாங்கம் தர்ற வக்கீல்) ஆஃபீஸ்லேர்ந்து, ஃபேமிலி லா லேர்ந்து வர்றவங்களும் பெஞ்சுக்கு வேணும்னு நான் நினைக்கறேன், எல்லாருமே ப்ராசிக்யூட்டரா இருந்தா கோர்ட் ஒரே கண்ணால பார்க்கும்.

அப்புறம் தபால்ல வர்ற அந்தப் பளபள ஸ்லேட் மெயிலர். "டீச்சர்ஸ் சிபாரிசு", "போலீஸ் சிபாரிசு"ங்கற மாதிரி தோணவைக்கற பேர்ல வரிசையா வேட்பாளர் பட்டியல் இருக்கும். பேர் பக்கத்துல சின்னதா ஒரு நட்சத்திரக் குறி இருக்கான்னு பாருங்க, அது இருந்தா அந்த இடத்துக்கு வேட்பாளர் காசு கொடுத்திருக்கார்னு அர்த்தம், கலிஃபோர்னியா சட்டப்படி அப்படிக் குறி போட்டே ஆகணும். காசு கொடுக்கறது தப்பில்ல, எல்லாரும் பண்றாங்க, ஆனா அதை சிபாரிசுன்னு நம்பி ஓட்டுப் போடாதீங்க. உண்மையான சிபாரிசுல நான் முதல்ல பார்க்கறது பதவில இருக்கிற ஜட்ஜுங்க எத்தனை பேர் கையெழுத்து போட்டிருக்காங்கன்னு, ஏன்னா அவங்க இந்த வக்கீலை தினம் கோர்ட்ல பார்த்தவங்க. அதோட ப்ராசிக்யூஷன் பக்கம், டிஃபென்ஸ் பக்கம் ரெண்டுலேர்ந்தும் ஆதரவு இருந்தா அது நல்ல அறிகுறி, எதிர்த்து வாதாடினவனே இவர் நியாயமானவர்னு சொல்றான்னு அர்த்தம்.

பணம் எங்கேர்ந்து வருதுன்னும் பாருங்க. ஃபார்ம் 460னு ஒரு கணக்கு, யார் யார் எவ்வளவு கொடுத்தாங்கன்னு அதுல இருக்கும். கவுண்டி எலெக்‌ஷன் ஆஃபீஸ் சைட்ல தேடிப் பாருங்க, கிடைக்கலன்னா ஃபோன் பண்ணிக் கேளுங்க, அது பொது ஆவணம். ஜட்ஜ் எலெக்‌ஷன்ல வேட்பாளரே தன் கைக்காசைக் கடனாப் போடறது சகஜம். மத்தபடி கொடுக்கறவங்க பெரும்பாலும் வக்கீலுங்க, நாளைக்கு அவங்கதான் இவர் முன்னாடி நிக்கப்போறவங்க, இதுதான் இந்த முறைல இருக்கிற பெரிய சங்கடம். அதுக்குன்னு சட்டத்துல ஒரு தடுப்பு இருக்கு, கேஸ்ல இருக்கிற வாதியோ பிரதிவாதியோ அவங்க வக்கீலோ 1,500 டாலருக்கு மேல கொடுத்திருந்தா அந்த ஜட்ஜ் அந்தக் கேஸை விசாரிக்கக் கூடாது. ஒரே லா ஃபர்ம் ஆளுங்க பேரா வரிசையா இருந்தா கவனிங்க.

இதெல்லாம் பேப்பர். ஆளை நேர்ல பார்த்து கேள்வி கேக்கறதுதான் இதுல எனக்குப் பிடிச்ச பகுதி. எலெக்‌ஷன் சீசன்ல பொங்கல் விழா, கோயில், லைப்ரரி மீட்டிங், ஃபார்மர்ஸ் மார்க்கெட்னு வேட்பாளருங்க வருவாங்க, பத்து செகண்ட் கை குலுக்கிட்டு விட்டுடாதீங்க, நிக்க வச்சுக் கேளுங்க. "இந்த மாதிரி கேஸ் வந்தா எப்படித் தீர்ப்பு சொல்வீங்க"ன்னு மட்டும் கேக்காதீங்க, அதுக்கு அவங்க பதில் சொல்லவே கூடாது, ஜட்ஜுங்களுக்கான நடத்தை விதி அது, வேட்பாளருக்கும் பொருந்தும். "நான் வந்தா திருடங்களுக்கெல்லாம் அதிகபட்ச தண்டனைதான்"னு ஒருத்தர் வாக்கு கொடுத்தா கை தட்டாதீங்க, கேஸைக் கேக்கறதுக்கு முன்னாடியே முடிவு பண்றவர் அவர்.

வேற என்ன கேக்கலாம்? ஜூரி முன்னாடி ஆரம்பத்துலேர்ந்து தீர்ப்பு வரைக்கும் எத்தனை கேஸ் நடத்தியிருக்கீங்க, கடைசியா எப்ப. உங்களுக்குப் பழக்கமே இல்லாத டிபார்ட்மென்ட்ல போட்டா எப்படித் தயார் ஆவீங்க. வக்கீல் வைக்க வசதியில்லாம தனியா வந்து நிக்கிறவங்ககிட்ட எப்படி நடந்துக்குவீங்க (ஃபேமிலி கோர்ட்ல நிறைய பேர் அப்படித்தான் வர்றாங்க). இங்கிலீஷ் தடுமாறுற ஒரு பாட்டி சாட்சி சொல்ல வந்தா, இன்டர்ப்ரெட்டர் வர லேட் ஆனா, தள்ளி வைப்பீங்களா, இருக்கிறதை வச்சு ஓட்டிடுவீங்களா. கடைசி கேள்வி நமக்கு ரொம்ப முக்கியம். கிரிமினல் கேஸ்ல குற்றம் சாட்டப்பட்டவருக்கு இங்கிலீஷ் புரியலன்னா கேஸ் முழுக்க இன்டர்ப்ரெட்டர் வைக்கணும்னு கலிஃபோர்னியா அரசியல் சட்டத்துலயே இருக்கு, ஆனா நடைமுறைல அதுக்குப் பொறுமையா இடம் கொடுக்கறது அந்த ரூம்ல இருக்கிற ஜட்ஜ்தான். பதில்ல என்ன சொல்றாங்கங்கறதை விட எப்படிச் சொல்றாங்கன்னு பாருங்க. குறுக்கப் பேசறாங்களா, நம்ம உச்சரிப்பு புரியலன்னா திருப்பிக் கேக்கறாங்களா, எரிச்சல் வருதா. வெள்ளை டெண்ட்டுக்குக் கீழ ரெண்டு நிமிஷம் பொறுமை இல்லாதவருக்குக் கோர்ட்ல நாள் பூரா எங்கேர்ந்து வரும்.

நேரம் இருந்தா கோர்ட்டுக்கே போங்க. பெரும்பாலான கோர்ட் ரூம் எல்லாருக்கும் திறந்தது, யாரும் ஏன் வந்தன்னு கேக்க மாட்டாங்க, செக்யூரிட்டில பையை ஸ்கேன் பண்ணிட்டு ஃபோனை சைலண்ட்ல போட்டுட்டுப் பின்னாடி பெஞ்ச்ல உக்காந்தா போதும். சான் ஹோசேல ஹெடிங் தெருல ஹால் ஆஃப் ஜஸ்டிஸ், டவுன்டவுன்ல ஃபேமிலி ஜஸ்டிஸ் சென்டர், ஃப்ரீமான்ட் பக்கம்னா ஃப்ரீமான்ட் ஹால் ஆஃப் ஜஸ்டிஸ். இருக்கிற ஜட்ஜே திரும்ப நிக்கிறார்னா ஒரு காலைப்பொழுது அவர் ரூம்ல உக்காந்து பாருங்க, எந்த ஃப்ளையரும் சொல்லாததை அது சொல்லும். குழந்தைகள் சம்பந்தப்பட்ட ஜுவனைல் கேஸ் மட்டும் பொதுவா மூடினது.

சாண்டா கிளாரா கவுண்டில இருக்கிறவங்களுக்கு 2018 ஞாபகம் இருக்கும். ஸ்டான்ஃபோர்ட்ல நடந்த பாலியல் வன்முறை கேஸ்ல ப்ராசிக்யூட்டர் 6 வருஷம் கேட்டாங்க, ஜட்ஜ் ஏரன் பெர்ஸ்கி 2016ல கொடுத்தது 6 மாசம் கவுண்டி ஜெயில். முன்னாடி சொன்ன கமிஷன் ஆன் ஜுடிஷியல் பெர்ஃபார்மன்ஸ் விசாரிச்சு அவர் மேல நடத்தைக் குற்றம் இல்லன்னு சொல்லிடுச்சு, ஆனாலும் 2018 ஜூன் 5 அன்னிக்கு ஓட்டு போட்டு அவரைப் பதவிலேர்ந்து எடுத்தாங்க, கலிஃபோர்னியால 1932க்கு அப்புறம் இப்படி ரீகால் ஆன முதல் ஜட்ஜ் அவர். அந்தப் பெண்ணுக்கு நியாயம் கிடைக்கலன்னு கோபப்பட்டவங்க பக்கம் எனக்கு முழுசா புரியுது. அதே சமயம், இதைப் பார்த்து பயந்துபோய் மத்த ஜட்ஜுங்க எல்லாருக்கும் கடுமையான தண்டனையா போட ஆரம்பிச்சா அடிபடறது ஏழைங்களும் கறுப்பினத்தவங்களும்தான்னு பப்ளிக் டிஃபெண்டருங்க சொன்னதும் எனக்கு சரியாத்தான் படுது. ஆள் வர்றப்பவே ஒழுங்கா பார்த்து அனுப்பற வேலையை ஓட்டர் செஞ்சா, நடுவுல பிடுங்கற நிலைமை அபூர்வமாத்தான் வரும்.

க்ரீன் கார்டு, ஹெச்1பி ல இருக்கிறவங்க கவனமா படிங்க. ஓட்டு சிட்டிசனுக்கு மட்டும்தான், டிஎம்வில (ட்ரைவிங் லைசன்ஸ் ஆஃபீஸ்) தெரியாம ஓட்டரா ரெஜிஸ்டர் ஆயிட்டாகூட பின்னாடி சிட்டிசன்ஷிப்புக்குப் பெரிய சிக்கல், அப்படி எதாவது ஆயிருந்தா உடனே இமிக்ரேஷன் வக்கீலைப் பாருங்க. நன்கொடை விஷயத்துல க்ரீன் கார்டு இருக்கிறவங்க கொடுக்கலாம், ஹெச்1பி ல இருக்கிறவங்க எந்த எலெக்‌ஷனுக்கும் ஒரு டாலர்கூட கொடுக்கக் கூடாது, உள்ளூர் ஜட்ஜ் எலெக்‌ஷனும் அதுல சேரும். ஆனா கூட்டத்துக்குப் போறதுக்கும் கேள்வி கேக்கறதுக்கும் எந்தத் தடையும் இல்ல, கேஸ்னு வந்தா நீங்களும் அதே ஜட்ஜ் முன்னாடிதான் நிக்கணும்.

மத்த மாநிலம் பத்தி சுருக்கமா. நியூ ஜெர்சில ஜட்ஜ் எலெக்‌ஷனே இல்ல, கவர்னர் நியமிச்சு செனட் ஒப்புதல் கொடுக்கும். வர்ஜீனியால சட்டமன்றம் தேர்ந்தெடுக்கும். டெக்சாஸ்ல நேர்மாறு, கட்சி பேரோட நிக்கிறாங்க, ஹூஸ்டன்ல பேலட்ல ஜட்ஜ் பட்டியலே நீளமாப் போகும், 2020லேர்ந்து ஒரே பட்டன்ல கட்சிக்கு மொத்தமா குத்தற வசதியும் இல்ல, ஒவ்வொரு சீட்டா இறங்கிப் போடணும், அதனால முன்னாடியே பேப்பர்ல எழுதிட்டுப் போங்க. ஜார்ஜியால கட்சி சார்பில்லாத ஜட்ஜ் எலெக்‌ஷன் மே மாசமே நடந்துடும், ஆல்ஃபரெட்டா பக்கம் இருக்கிறவங்க நவம்பர் வரைக்கும் காத்திருந்தா போச்சு. நியூயார்க்ல "சுப்ரீம் கோர்ட்"னு பேலட்ல வர்றது அங்க ட்ரையல் கோர்ட்தான், பேரைப் பார்த்து மேல இருக்கிறதுன்னு நினைச்சுடாதீங்க.

கடைசியா பேலட். கலிஃபோர்னியால ரெஜிஸ்டர் ஆன ஓட்டர் எல்லாருக்கும் தபால்லயே வீட்டுக்கு வரும். ஒரு சீட்ல யாரையும் முடிவு பண்ண முடியலன்னா அதை மட்டும் காலியா விடலாம், மத்த ஓட்டு செல்லும். தேடிப் பார்த்தும் ரெண்டு பேருமே பிடிக்கலன்னா விடறது ஒரு முடிவு, அதை நான் குறை சொல்ல மாட்டேன். கவர் மேல கையெழுத்து போட மறந்துடாதீங்க, எலெக்‌ஷன் நாளுக்குள்ள போஸ்ட்மார்க் விழணும், கடைசி நாள்ல தெரு ஓரத் தபால் பெட்டில போட்டா அன்னிக்கே முத்திரை விழும்னு நம்பாம ட்ராப் பாக்ஸ்ல கொண்டுபோய்ப் போடுங்க. வீட்ல அப்பா அம்மாவும் சிட்டிசனா இருந்தா, ஜட்ஜ் பக்கத்துக்கு நீங்க எடுத்து வச்ச குறிப்பை அவங்களுக்கும் காட்டுங்க, யாருக்குப் போடணும்னு சொல்லாம, என்ன கண்டுபிடிச்சீங்கன்னு மட்டும்.